அண்ணாவின் கடைசி ஐந்து மாதங்கள்

சி.என்.அண்ணாதுரை மறைந்தபோது அவருக்கு 59 வயது. முதலமைச்சராகி இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அவரைத் தமிழ்நாட்டுத் தலைவராக மட்டும் மலையகம் பார்க்கவில்லை. அவரது இயக்கத்தின் கருத்துகளை ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்குள் கொண்டுசென்றது இளஞ்செழியன் நடத்திய இலங்கை திராவிடர் முன்னேற்றக் கழகம். 1962இல் அரசு அதைத் தடைசெய்தது. இரண்டு ஆண்டுகளில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று, அவர்களிடம் கேட்காமலே முடிவானது. அப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1968இல், அண்ணாவின் ஆட்சியில்தான். கொழுந்துக் கூடையை இங்கே இறக்கியவர்கள் அங்கே மறுபடி தூக்கினார்கள்.

அதே ஆண்டில்தான் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. காஞ்சிபுரத்தில் 1909இல் எளிய குடும்பமொன்றில் பிறந்து, பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, பேச்சாலும் எழுத்தாலும் கட்சி வளர்த்தவர். புகையிலையும் மூக்குப்பொடியும் அவரை விட்டதில்லை.

செப்டெம்பரில் நியூயோர்க் சென்றார். மெமோரியல் வைத்தியசாலையில் டொக்டர் மில்லர் சத்திரசிகிச்சை செய்தார். நவம்பரில் நாடு திரும்பியபோது, கண்டம் தாண்டிவிட்டது என்றே மக்கள் நம்பினார்கள்.

ஆனால் இந்த வகைச் சத்திரசிகிச்சையில் ஆபத்து தையலோடு முடிவதில்லை. நோயுள்ள உணவுக்குழாயை வெட்டி, பெரும்பாலும் இரைப்பையை மேலே இழுத்து இணைப்பார்கள். முதல் இரண்டு வாரங்களில் அந்த இணைப்புக் கசிந்தால் நெஞ்சுக்குள் கிருமி பரவும். நியூமோனியாவும் வரலாம். கணையப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிலும் பெரிய பயம் இதே கசிவுதான். அதைத் தாண்டினாலும் இணைப்பு சுருங்கி விழுங்க முடியாமல் போகலாம், உடல் மெலியலாம், கண்ணுக்குப் படாமல் தங்கிய நோய் மறுபடி தலைதூக்கலாம்.

அண்ணா ஓய்வெடுக்கவில்லை. 1969 ஜனவரி 14, பொங்கலன்று சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அன்று கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலைத் திறப்புக்கும் வந்தார். அதுவே கடைசிப் பொது நிகழ்ச்சி. ஓய்வு அவரைக் காப்பாற்றியிருக்குமா என்றால், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நோயே மீண்டிருந்தது. பெப்ரவரி 3ஆம் திகதி, நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் உலகச் சாதனைப் பதிவிலும் ஏறியது.

மலையில் வெற்றிலையோடு புகையிலை போடுவது இன்றும் குளிருக்கும் பசிக்கும் துணை. சோறு இறங்காவிட்டால் கேஸ்ட்ரிக் என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். கிளினிக் என்றால் ஹட்டனிலிருந்து மஹரகமவுக்குப் பஸ் ஏற வேண்டும், ஒருநாள் பெயரும் போகும். 1977க்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய நம் ஆட்களுக்கோ யுத்தம் முடியும்வரை அந்தப் பஸ்ஸும் நிச்சயமில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் காய்ச்சல், மூச்சு வாங்குதல், நெஞ்சிலோ வயிற்றிலோ கூடிவரும் வலி, புண்ணிலிருந்து நீர் கசிதல், மறுபடி விழுங்கச் சிரமம் — இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதி வரும்வரை இருக்கக்கூடாது. டிக்கோயாவோ நுவரெலியாவோ, கிட்ட உள்ள வைத்தியசாலைக்கு அன்றைக்கே போய், சத்திரசிகிச்சைத் துண்டைக் காட்ட வேண்டும்.