உள்ளம் அறிந்த ரிவர்ஸ்

மசினகுடியில் நின்று தெற்கே நோக்குவார்க்கு நீலகிரி மலை நெடுமதில்போல் நிமிர்ந்து தோன்றும். அதன் உச்சிப் புல்வெளிகள் தோடர்கள் எருமை மேய்த்து வாழ்ந்த இடங்களாகும். 1901ஆம் ஆண்டில் அம்மக்களை நாடி ஆங்கில நாட்டு அறிஞர் ஒருவர் வந்தார். அவரே டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் உளநூல் வல்லுநர்.

ரிவர்ஸ் 1864ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தார். இளமை முதலே திக்குவாய் உடையவராதலின், சொல் எழாது தவிப்பவர் துயரைத் தாமே உணர்ந்தவர். மருத்துவம் பயின்று தேறிய அவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளநூல் கற்பித்தார்.

நீலகிரியில் அவர் தோடர்களின் மந்துகளுக்குச் சென்று, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அவர்தம் குடிவழிகளையும் சடங்குகளையும் கேட்டுக் குறித்தார். அவர்களுடைய புலன்களின் ஆற்றலையும் சோதித்தார். ஒருவர் கூறியதைப் பிறர் கூற்றோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே உண்மையெனக் கொண்டார். 1906இல் வெளிவந்த 'தோடர்கள்' என்னும் பெருநூல் அவ்வுழைப்பின் பயனாகும். பொறுமையுடன் கேட்கும் அப்பண்பே பின்னாளில் நோயாளர்க்கு மருந்தாயிற்று.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. குண்டு மழையில் நின்ற வீரர் பலர் உறக்கம் இழந்தனர்; சிலர் பேச்சிழந்தனர். அவர்களைக் கோழைகள் என்று இகழ்ந்தோர் பலர். 1916இல் எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் பணியேற்ற ரிவர்ஸ் அவ்வாறு கருதவில்லை. அச்சம் இழுக்கன்று, அதனை உள்ளே புதைத்து மறைப்பதே நோயை வளர்க்கும் என்று கண்டார். கண்ட கொடுமைகளை மறைக்காது எடுத்துரைக்குமாறு வீரர்களைத் தூண்டினார். சொல்லச் சொல்லப் பலருக்குத் துயர் தணிந்தது.

ஆயினும், நலம் பெற்றவரை மீண்டும் போர்க்களத்திற்கு அனுப்புதல் அவர் கடமையாக இருந்தது. போர் நீடிப்பதைக் கண்டித்து அறிக்கை விடுத்த கவிஞர் சசூனும் 1917இல் அவரிடம் வந்து, பின்னர்க் களம் திரும்பினார். கடமையும் அருளும் தம்முள் முரண, ரிவர்ஸின் உள்ளம் பெரிதும் வருந்தியது.

பின்பு அவர் இலண்டனில் வானூர்திப் படையினர்க்கான மருத்துவமனையில் பணியாற்றினார். வானூர்தி செலுத்துவார்க்கு ஒரு நொடித் தடுமாற்றமும் உயிர்க்கேடாய் முடியும். அவர்தம் மனநிலையை அறியத் தாமும் வானூர்தியில் ஏறி, அது தலைகீழாய்ச் சுழலும் நிலையையும் பட்டறிந்தார். தம் கையால் ஊர்தியைச் செலுத்துவோரைக் காட்டிலும், கயிற்றால் கட்டப்பட்ட பலூனில் அமர்ந்து பகைவரை நோட்டமிடுவோரே மிகுதியாக நோயுறுவதைக் கண்டார். இடர் பெரிதாயினும், அதனை எதிர்த்துச் செய்வதற்கு ஒரு செயல் உடையவன் எளிதில் தளரான். செயலற்று இருப்பவனையே அச்சம் விரைந்து பற்றும் என்று தெளிந்தார்.

ரிவர்ஸ் 1922ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மறைந்தார். போர்வீரர்க்கு அவர் காட்டிய வழி, ஆடுகளத்தில் போட்டியிடுவார்க்கும் தேர்வுக்கு அஞ்சும் மாணவர்க்கும் பொருந்துவதாகும். உள்ளத் துயரை மறைத்து வருந்தாமல் நம்பத்தக்கவரிடம் சொல்லுதல் நலம். சொல்வாரை இகழாது கேட்டல் அறம்.