ஒரு மின்கலம், ஒரு பொறி

மலர்க் குழு நண்பர்கள் ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் என்றேன். செடிக்கு உயிர் இருக்குன்னு காட்டினவர்தானே என்றார் ஒருவர். அவரேதான். ஆனால் நம்ம மைக்ரோவேவ் லேப்பில் கிளைஸ்ட்ரான் பெஞ்ச் முன்னால் நின்ற நமக்கு அவர் வேறு வழியில் சொந்தக்காரர்.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா துணை மாஜிஸ்திரேட். நினைத்திருந்தால் ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பியிருக்கலாம். பிள்ளை முதலில் தாய்மொழியில் படிக்கட்டும் என்று வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பையன்களோடு ஒன்றாக உட்கார்ந்து படித்தவர், பிறகு கல்கத்தா, லண்டன், கேம்பிரிட்ஜ் என்று போனார். மருத்துவம் படிக்கத்தான் லண்டன் போனது. உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அறிவியலுக்கு மாறினார். கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவிடம் பாடம் கேட்டார்.

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் தற்காலிக நியமனம் என்று சொல்லி மேலும் பாதியாக்கினார்கள். போஸ் சத்தம் போடவில்லை. தினமும் வந்து பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருஷம்! வீட்டில் அப்பாவின் கடன் வேறு. 1887-ல் அவரைக் கட்டிக்கொண்டு வந்த அபலா, நம்ம மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பில் இடமில்லை என்பதால் 1882-ல் இங்கே வந்தார். அந்தப் பஞ்ச காலத்தைக் கூட இருந்து தாங்கியவர் அவர்தான். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

1894-ல், 36 வயதில், ஆராய்ச்சிக்கு இறங்கினார். ஆய்வுக்கூடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒரு சின்ன அறை, உதவிக்கு ஒரு தகரவேலைக்காரர். மின் அலைகளை ஹெர்ட்ஸ் ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆனால் அவரது அலையின் நீளம் 66 செ.மீ. அதை விலகச் செய்ய பல நூறு கிலோ எடையில் நிலக்கீல் முப்பட்டகம் வேண்டியிருந்தது. போஸ் அலையைச் சுருக்கினார், 5 மில்லிமீட்டர் வரைக்கும். இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ். முழு ஒளியியல் ஆய்வும் ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது.

இங்கேதான் என் விஷயம் வருகிறது. இவ்வளவு நுண்ணிய அலையை எழுப்ப அவர் எப்படி மின்சாரம் கொடுத்தார்?

எங்க மேல்சித்தாமூரில் நான் பள்ளியில் படித்த காலத்தில், சாயந்திரம் மணிலாக் கொல்லைகளில் மோட்டார் ஓட ஆரம்பித்தால் வீட்டுக் குண்டு பல்பு வாழைப்பழ நிறத்துக்கு மங்கிவிடும். பல்பு மங்கினால் படிப்பு கெடும், அவ்வளவுதான். ஆசிலேட்டருக்கு அப்படி நடந்தால் அலையே வேறாகிவிடும். கிளைஸ்ட்ரானில் பார்த்திருப்பீர்களே: பீம் வோல்டேஜ் 300-ஐ ஒட்டி நிற்க வேண்டும்; ரிப்பெல்லர் வோல்டேஜ் கொஞ்சம் நகர்ந்தாலும் அதிர்வெண் நகரும், இல்லாவிட்டால் வெளியீடே செத்துப்போகும். அதனால்தான் குழாய் கையளவு இருக்க, அதற்குச் சோறு போடும் ரெகுலேட்டட் பவர் சப்ளை பெட்டி அத்தனை கனம். எல்லோரும் ஹார்ன் ஆன்டெனாவைப் பார்ப்பார்கள், பெட்டியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

போஸ் காலத்தில் வால்வும் இல்லை, ரெகுலேட்டரும் இல்லை. சின்ன உலோகக் குண்டுகளுக்கு நடுவே தெறிக்கும் பொறிதான் ஆசிலேட்டர். மற்றவர்கள் தூண்டுசுருளின் அதிர்வு முறிப்பானை ஓடவிட்டு, பொறி பொறியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் குண்டுகளின் பரப்பு சொரசொரப்பாகி அலை தாறுமாறாகிவிடும். போஸ் பரப்புக்குப் பிளாட்டினம் பூசினார். அதோடு, ஒரு சோதனைக்கு ஒரே ஒரு பொறி என்று வைத்துக்கொண்டார். சாவியைத் தட்டினால் ஒரு பொறி, முடிந்தது. சுருளைத் தமக்கேற்ப மாற்றிச் சிறிதாக்கியதால் ஒரே ஒரு சேமிப்பு மின்கலம் போதுமானதாயிற்று. கனமான மின்தேக்கிக்குப் பதில் மெழுகு தோய்த்த காகிதப் பட்டையைச் சுருளின் மேலேயே சுற்றிவிட்டார்.

இன்னொரு தொல்லை. சுருளில் மின்னோட்டம் விட்டு விட்டுப் பாயும்போது எழும் காந்த மாற்றம் ஏற்பியைக் கலைத்தது. எனவே சுருளையும் மின்கலத்தையும் இரட்டைச் சுவர்ப் பெட்டிக்குள் அடைத்தார். உள்சுவர் தேனிரும்பு, காந்தத்தைத் தடுக்க. அலை வெளியே வர ஒரு குழாய் மட்டும். இன்று நாம் ஷீல்டிங், வேவ்கைட் என்று பரீட்சையில் எழுதுவது இதைத்தான். என்னைக் கேட்டால், போஸின் பெருமை முதலில் இந்தப் பெட்டியில் இருக்கிறது. மூலம் ஒழுங்காக இருந்ததால்தான் அலையின் முனைவாக்கத்தை அவரால் துல்லியமாக அளக்க முடிந்தது. முனைவாக்கிக்கு அவர் எடுத்தது என்ன தெரியுமா? முறுக்கிய சணல்! பிராட்ஷா ரயில்வே அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே வெள்ளீயத் தாள் செருகியும் ஒன்று செய்தார். எக்விப்மென்ட் இல்லை சார் என்று புலம்பும் தம்பி தங்கைகள் கவனிக்கவும்.

1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இந்தக் கருவிகளோடு உரையாற்றினார். கலீனா படிகத்தால் ஆன உணரிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை வந்தது. அதைக் காசாக்க அவர் முயலவில்லை. மார்க்கோனி கதை எல்லோரும் பேசுவது. 1901-ல் அட்லாண்டிக்கைத் தாண்டிவந்த சிக்னலைப் பிடித்த பாதரச உணரி, போஸ் 1899-ல் ராயல் சொசைட்டி வழியாக வெளியிட்ட அமைப்பைச் சார்ந்தது என்று 1998-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. அந்தக் கடன் சொல்லப்பட்டிருக்க வேண்டும். மற்றபடி, மார்க்கோனிக்கு வேண்டியது தூரம், போஸுக்கு வேண்டியது அலையின் குணம். இரண்டையும் ஒரே தராசில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1900 வாக்கில் அவர் மனம் செடிகள் பக்கம் திரும்பியது. ரேடியோ உலகம் நீள அலைகளை நாடிப் போய்விட்டது. மில்லிமீட்டர் அலை பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1917-ல் சர் பட்டம், அதே ஆண்டு தம் பிறந்தநாளில் போஸ் நிறுவனம், 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1937 நவம்பர் 23-ல், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, கிரிதியில் காலமானார். அவருடைய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஐ.ட்ரிபிள்.இ. அமைப்பு 2012-ல் மைல்கல்லாக அறிவித்தது. கொல்கத்தா பக்கம் போகிறவர்கள் போஸ் நிறுவனத்து அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அலை எழுப்பும் பெட்டி எவ்வளவு சின்னது என்று வியந்துபோவீர்கள்.