பேராசிரியர் சி.கே. பிரகலாத்

காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசித்துவிட்டு வெளியே வரும்போது, கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்தாலே எனக்கு பிரகலாத் ஞாபகம்தான்.

1941இல் கோவையில் பிறந்தவர். தகப்பனார் நீதிபதி, சம்ஸ்கிருத பண்டிதர். லயோலாவில் பௌதிகம் படித்து, சென்னையில் யூனியன் கார்பைடு பேட்டரி ஆலையில் பணியாற்றினார். பின்னர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் முதல் அணியில் பயின்று, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பெரிய நிறுவனங்களின் அதிகாரிகளே அவரிடம் பாடம் கேட்டனர்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கே உரிய அடிப்படைத் திறனை அறிந்து வளர்க்க வேண்டும் என்று 1990இல் கேரி ஹாமெலுடன் எழுதினார். 2004இல் வெளிவந்த நூலில், ஏழைகளை தர்மம் வாங்குபவர்களாக அல்லாமல், மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களாகப் பார்க்கச் சொன்னார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உதாரணம் காட்டினார்.

அதே பல்கலைக்கழகத்தின் அனில் கர்னானி இதை மறுத்தார்: விற்பனையால் வறுமை தீராது, ஏழைக்கு வருமானம் வேண்டும் என்றார். பாக்கெட் ஷாம்பு விஷயத்தில் நானும் கர்னானி பக்கமே. ஆனால், கட்டணம் தருவோரின் பணத்தில் ஏழைக்கும் பார்வை தரும் அரவிந்த், இன்று நம் திருப்பதியிலும் இருக்கிறது. அங்கே பிரகலாத் ஜெயித்துவிட்டார்.

2009இல் பத்ம பூஷண் பெற்ற அவர், 16-4-2010 அன்று அமெரிக்காவில் காலமானார். நிர்வாகம் படிக்கும் நம் குழந்தைகள் இருவர் வாதத்தையும் அவசியம் படிக்க வேண்டும்.