யாக்கோப்பு பேணூலி

சுவிற்சலாந்து நாட்டுப் பாசல் நகரிலே வாசனைச்சரக்கு வாணிகர் ஒருவரின் மைந்தராக 1655ஆம் ஆண்டிலே தோன்றியவர் யாக்கோப்பு பேணூலி என்னும் பேரறிஞர். தந்தையார் விருப்பப்படி இறையியல் கற்றுத் தேறினாராயினும், அவர் உள்ளம் நாடியது கணிதத்தையே. பெற்றோர் விரும்பாதிருந்தும் அதனைக் கைவிடாது பயின்று, 1687இல் அந்நகர்ப் பல்கலைக்கழகத்திலே கணிதப் பேராசிரியராயினார்.

தற்செயலென நாம் ஒதுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஒழுங்குண்டெனக் காட்டியமையே அன்னாரின் அரும்பணியாகும். ஆணும் பெண்ணும் பிறத்தல் சமவாய்ப்புடையதெனக் கொள்வோம். நான்கு பிள்ளைகளுள் இருவர் ஆணும் இருவர் பெண்ணுமாக அமையும் நிகழ்தகவு யாது? பாதியென்பார் பலர். பிறப்பு வரிசைகள் 16. அவற்றுள் இவ்வாறமைவன 6. ஆகவே விடை 3/8. அந்த 6 ஈருறுப்பு விரிவின் நடுக்குணகமேயாம். இத்தகைய வினாக்களுக்குப் பொதுச் சூத்திரம் வகுத்தார் பேணூலி. முயற்சிகள் பெருகப் பெருக, நிகழும் விகிதம் உண்மை நிகழ்தகவை அணுகுமென்னும் தேற்றத்தை நிறுவி, இருபது ஆண்டளவாக அதனை வெளியிடாது பேணினார்.

நூல் முற்றுப்பெறுமுன்னே 1705இல் காலமானார். 1713இலேதான் அது அச்சேறிற்று. நிகழ்தகவை மக்கள் வாழ்வுக்குப் பயன்படுத்தும் இறுதிப்பகுதி குறையாகவே நின்றது; அதனை நிறைத்தல் பின்வந்தோர் கடனாயிற்று. விரும்பிய கல்வியைத் தடைகண்டு விடாத அவர் வாழ்வை எம் மாணவர்க்கு எடுத்துக்காட்டாக வைக்கின்றோம்.