ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மரணம்

சென்னையில் ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் பகுதிக்குப் பெயர் தந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையை நமது நேயர்களிற் பலர் பழைய நாணயங்களிற் கண்டிருப்பர். ஏறக்குறைய இருபத்தாறு வருஷ காலம் நமது சம்மதம் கேளாமலே நம்மை ஆண்டவர் அவர். அவ்வாட்சியைப் பற்றிய நமது அபிப்பிராயம் யாவரும் அறிந்ததே. நாம் இன்று எடுத்துக்கொள்வது அவர் மாண்ட விதத்தை.

1865-ம் வருஷம் ஜூன் 3-ம் தேதி பிறந்த ஜார்ஜ், இளைய குமாரராகையால் பன்னிரண்டாம் வயதிலேயே கப்பற்படைக்கு அனுப்பப்பட்டார். 1892-ல் தமையனார் இறக்கவே பட்டத்துரிமை இவரைச் சார்ந்தது. தமையனாருக்கு நிச்சயித்திருந்த மேரியையே மறுவருஷம் மணந்தார். 1910-ல் அரசெய்தி, 1911 டிசம்பரில் டில்லி தர்பாரில் வங்கப் பிரிவினையை ரத்துச் செய்தார். ஓயாத சிகரெட் பழக்கம் அவருடைய மார்பைக் கெடுத்தது. 1928-ல் மார்பில் சீழ் கட்டி உயிருக்கு ஊசலாடியபோது, சீழ் இருக்குமிடத்தை ஊசியாற் கண்டு வாங்கி அவரைப் பிழைப்பித்தவர் ராஜ வைத்தியர் டாஸன் பிரபு.

1936-ம் வருஷம் ஜனவரி 20-ம் தேதி சான்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் மரணப் படுக்கையில் இருந்தார். அன்று நண்பகலில் பிரிவி கவுன்ஸில் அங்கத்தினர் அவரது அறையிற் கூடினர். ராஜ காரியங்களை வேறு சிலர் நடத்தும்படி அதிகாரம் அளிக்கும் பத்திரத்தில் அவர் கையொப்பம் வேண்டியிருந்தது. கை நடுங்கிற்று, எழுத்து வரவில்லை. ஆயினும் அவர் கையாலேயே குறியிடும்வரை யாவரும் பொறுமையுடன் காத்திருந்தனர். சட்டம் அவ்வாறு கோரிற்று.

இரவு பதினொரு மணிக்கு அவர் நினைவிழந்து கிடந்தார். அப்போது டாஸன் பிரபு முக்கால் கிரெயின் மார்பியாவையும் ஒரு கிரெயின் கொக்கேனையும் கழுத்து ரத்தக் குழாயிற் செலுத்தினார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு உயிர் பிரிந்தது. மரணத்தறுவாயில் உயிரை வீணே நீட்டிக்க வேண்டாமென்று ராணியும் இளவரசரும் முன்னரே சொல்லியிருந்தது உண்மையே. ஆனால் ஊசியைப் பற்றி அவர்களைக் கேட்டவரில்லை. மன்னரோ வேதனையை உணரும் நிலையிலும் இல்லை. பின் அவசரம் யாது? நெடுநேரம் காத்திருக்கும் குடும்பத்தாரின் களைப்பும், மரணச் செய்தி தரக்குறைவான மாலைத் தாள்களில் வாராமல் மறுநாட் காலை லண்டன் டைம்ஸில் வரவேண்டுமென்ற கவலையுமே காரணமென டாஸனே குறித்துவைத்தார். பத்திரிகை அச்சேறும் வேளையின் கொடுமையை நாமும் நித்தியம் அனுபவிப்பவர். ஆயினும் ஓர் உயிருக்கு அவ்வேளையைக் குறித்தது நாம் வேறெங்கும் கேட்டறியாதது.

அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி, நோயாளி கெஞ்சிக் கேட்டபோதிலும் இச்செயல் கொலையேயாகும். மன்னர் பெயரால் நம் நாட்டில் நடந்த பினல் கோடு சற்று இரக்கமுடையது: பதினெட்டு வயது கடந்தவரின் சம்மதத்தோடு நிகழ்ந்த மரணத்தை அதன் 300-வது பிரிவின் ஐந்தாம் விலக்கு கொலை என்ற பெயரினின்றும் நீக்கிக் குற்றத்தைக் குறைத்தது. 2023-ல் இயற்றிய நியாய சம்ஹிதையிலும் அவ்விலக்கு நிற்கிறது. மன்னரிடத்திலோ சம்மதமே பெறப்படவில்லை. பகலிற் பத்திரத்துக்கு வேண்டியிருந்த அவரது கைக்குறி, இரவில் உயிருக்கு வேண்டாததாயிற்று.

அதே வருஷம் டிசம்பரில், தீராத நோயாளர் தாமே கையொப்பமிட்டுச் சாட்சிகள் முன் கேட்டுக்கொண்டால் மரணத்தை அளிக்க இடந்தரும் மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. எதிர்த்துப் பேசியவருள் டாஸன் ஒருவர். இவ்விஷயத்தை வைத்தியரின் மனச்சாட்சிக்கே விட்டுவிட வேண்டுமென்பது அவர் வாதம். 35-க்கு 14 வோட்டுகளால் மசோதா தோற்றது. கருணைக் கொலை தகுமா என்பதில் நல்லோர் இருதிறப்படுவர். நாமும் அதற்கு எளிதில் இசைவோமல்லோம். ஆனால் சட்டம் வேண்டா, மனச்சாட்சி போதும் என்ற வாதத்தை நாம் ஒருகாலும் ஏற்கமாட்டோம். அம்மனச்சாட்சியை விசாரிக்க மறுதரப்பார் உயிரோடிருப்பதில்லை. 2018 மார்ச்சு 9-ம் தேதி நமது சுப்ரீம் கோர்ட்டார், மருந்து செலுத்தி உயிர் போக்குவதை அனுமதியாமல், வீண் சிகிச்சையை நிறுத்தும்படி ஒருவர் முன்னரே சாட்சிகளோடு எழுதிவைப்பதை மட்டும் ஒப்புக்கொண்டது இக்காரணத்தாலேயே நமக்கு உவப்பாயிருக்கிறது.

டாஸன் பிரபு 1945-ல் காலமானார். அவரது குறிப்பு 1986-லேதான் வெளிவந்தது. அதுவரை ஐந்தாம் ஜார்ஜ் நோயினால் இறந்தார் என்றே உலகம் நம்பியிருந்தது.