கட்டையைத் தின்னும் கம்பி... படகுக்குப் பூசும் பிசின்... ஜாக்கோ பாஸ்டோரியஸ் கதை!

ஒரு பாட்டைக் கேட்கும்போது நம்ம காது முதல்ல பாடகரோட குரலைத்தான் பிடிக்கும். அப்புறம் கிதார், டிரம்ஸ். பேஸ் கிதார்? இருக்கும்போது தெரியாது, எடுத்துட்டா பாட்டே தொளதொளன்னு ஆகிடும். அப்படிப் பின்னாடியே நின்ன ஒரு வாத்தியத்தை மேடையின் முன்னாடிக்கு இழுத்துட்டு வந்தவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவர் மாட்டின கம்பிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

1951 டிசம்பர் 1-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் ஃப்ளோரிடா கடலோரத்தில், ஃபோர்ட் லாடர்டேல் பக்கம். அப்பா டிரம்மர், பாடகரும்கூட. மகனும் டிரம்ஸ் குச்சியைத்தான் முதலில் பிடித்தார். 13 வயதில் ஃபுட்பால் விளையாடும்போது மணிக்கட்டில் பலமான அடி. டிரம்ஸ் வாசிப்பது கஷ்டமாகிப்போக, பேஸ் பக்கம் திரும்பினார்.

ஜாஸ் பைத்தியம் பிடித்தவருக்கு, ஆள் உயரத்துக்கு நிற்கும் மரத்தாலான அப்ரைட் பேஸ் மீது ஆசை. காசு சேர்த்து ஒன்றை வாங்கினார். ஆனால், கடலோர ஈரக்காற்று அந்த மரத்தை விட்டுவைக்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் விரிசல் விட்டுக் கிடந்ததாம்.

சரி, அந்த மரத்தின் குரலை எலெக்ட்ரிக் பேஸிலேயே கொண்டுவந்தால் என்ன? அவரிடம் வந்து சேர்ந்தது 1962-ம் வருடத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ். வீணையில் மெட்டு இருக்கே, கிதாரில் அதுதான் ஃப்ரெட். அது இருந்தால் சுரம் கட்டம் கட்டமாக வரும். எடுத்துவிட்டால், வயலின் மாதிரி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். விரல் ஒரு நூலளவு தள்ளிப்போனாலும் அபஸ்வரம்தான், அது தனி ரிஸ்க். அந்த பேஸில் ஃப்ரெட்களைத் தானே பிடுங்கியதாக ஒரு சமயமும், வாங்கும்போதே இல்லை என்று இன்னொரு சமயமும் சொல்லியிருக்கிறார் மனுஷன். எப்படியோ, ஃப்ரெட் இருந்த பள்ளங்களை அடைத்துச் சமமாக்கினார்.

இங்கேதான் கம்பி விவகாரம் வருது. பேஸ் கம்பி என்பது வெறும் ஒற்றைக் கம்பி இல்லை. நடுவில் ஒரு கம்பி, அதன் மேல் இன்னொரு கம்பி சுற்றியிருக்கும். சுற்றும் கம்பி பட்டையாக இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். தொட்டால் வழவழன்னு இருக்கும். சத்தமும் உருண்டு, மங்கலாக வரும். கட்டைக்குச் சேதம் குறைவு. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். சத்தம் பளிச்னு, பியானோ மாதிரி மணியடிக்கும். ஆனால் சொரசொரப்பு. ஃப்ரெட் இல்லாத கட்டையில் நேராக உரசினால் அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். அதனால் ஃப்ரெட்லெஸ் என்றால் ஃப்ளாட்வவுண்ட் மாட்டுவதுதான் பத்திரம்.

ஜாக்கோ தேர்ந்தெடுத்தது ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் ரவுண்ட்வவுண்ட். கட்டை தேயுமே? அதற்கும் கடலோரத்திலேயே வழி கிடைத்தது. படகுகளுக்குப் பூசும் எபாக்ஸிப் பிசினை ஃபிங்கர்போர்டு மேல் அடுக்கடுக்காகப் பூசினார். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிட்டது. கம்பி உரசினால் பிசின்தான் தேயும். அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். அந்தக் கெட்டித் தரையில் கம்பி அதிர்ந்ததால், சுரம் பாடுகிற குரல் மாதிரி நீண்டு ஒலித்தது. எனக்கு அவர் விரல் வேகத்தைவிடப் பெரிய விஷயம் இந்தப் பிசின் வேலைதான்.

சும்மா ஒரு தகவல்: உங்ககிட்ட இருப்பது ஃப்ரெட்லெஸ் அகூஸ்டிக் பேஸ் என்றால் இன்னைக்கும் இதே குழப்பம்தான். அதன் சின்ன உடம்பில் சத்தமே கம்மி. அதனால் பளிச்னு ஒலிக்கும் வெண்கல ரவுண்ட்வவுண்ட் மேல் கை போகும், கட்டை தேயும். கறுப்பு நைலான் சுற்றிய டேப்வவுண்ட் மாட்டினால் கட்டை பிழைக்கும், அப்ரைட் பேஸ் மாதிரி ஒரு இதமான ஒலியும் வரும். ஆனா அந்தப் பளிச் போயிடும்.

வீதர் ரிப்போர்ட் குழுவின் ஜோ ஸாவினுல், ஜாக்கோ கொடுத்த டேப்பைக் கேட்டுவிட்டு எலெக்ட்ரிக் பேஸும் வாசிப்பாயா என்று விசாரித்தாராம். கேட்டது அப்ரைட் என்றே நினைத்துவிட்டார்! 1976-ல் ஜாக்கோவின் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அதே வருடம் ஜோனி மிட்செலின் 'ஹெஜிரா', பாட் மெத்தேனியின் 'பிரைட் சைஸ் லைஃப்' இரண்டிலும் அவர் பேஸ். 1977-ல் வீதர் ரிப்போர்ட்டின் 'ஹெவி வெதர்' வந்தபோது உலகம் முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

அடுத்த பத்து வருஷத்தை எழுதவே கை தயங்குது. குடி, போதை, கூடவே பைபோலார் எனும் மனநலப் பாதிப்பு. வேலைகள் கைவிட்டுப் போயின. நியூயார்க்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், தெருவிலும் படுத்தார். அவருடைய சேட்டைகள் பல, ஜாலியான மேதைத்தனம் என்றே சிரிப்போடு சொல்லப்பட்டன. நோய் என்று பார்த்தவர்கள் குறைவு. ஒருமுறை உடைந்து, துண்டுகளை ஒட்டிச் சரிசெய்யப்பட்ட அந்த பேஸ், 1986-ல் நியூயார்க்கில் திருடுபோனது. 1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு இரவு விடுதி வாசலில் நடந்த தகராறில் கடுமையாகத் தாக்கப்பட்டு, கோமாவில் கிடந்து, செப்டம்பர் 21-ல் இறந்தார். வயது 35.

திருடுபோன பேஸ் 2006-ல் நியூயார்க்கில் தலைகாட்டியது. உரிமை யாருக்கு என்று இழுபறி. கடைசியில் மெட்டாலிகாவின் பேஸிஸ்ட் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து அதை மீட்க உதவினார்.

நல்ல ஹெட்போன் இருந்தால் அந்த முதல் ஆல்பத்தின் முதல் டிராக் 'டோனா லீ'யைப் போடுங்க. கூட ஒரு காங்கோ டிரம் மட்டும்தான். மொபைல் ஸ்பீக்கரில் வேண்டாம், பாதி சுரம் கேட்காது.