வாய் திறக்க முடியாத வக்கீல்

காந்தியைப் பற்றி இன்னொரு கட்டுரையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் நண்பர்களே. உப்பு, உண்ணாவிரதம் எல்லாம் நாம் சின்ன வகுப்பிலேயே படித்தாச்சு. நான் எழுதப்போவது வக்கீல் காந்தியைப் பற்றி. வைவா என்றாலே வயிற்றைக் கலக்கும் நமக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி.

1888-ல் லண்டன் போனார். அங்கே பாரிஸ்டர் ஆகணும்னா பரீட்சை மட்டும் போதாது, இன்னர் டெம்பிள் என்ற சட்ட மன்றத்தில் இத்தனை விருந்து சாப்பிட்டிருக்கணும் என்று விதி. நம்ம அட்டெண்டன்ஸ் மாதிரிதான்! கறியும் மதுவும் தொடாத மனிதர் அதையும் முடித்தார். 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார், 12-ஆம் தேதி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். சட்டம் படித்தாச்சு, தொழில்தான் தெரியாது.

பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் கேஸ். மமீபாய் என்ற பெண்ணின் வழக்கு, ஃபீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வி கூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். ஃபீஸைத் திருப்பித் தந்துவிடுவதாகவும் வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

பிறகு ஒரு பள்ளியில் தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் நடத்தும் வேலைக்கு விண்ணப்பித்தார். சம்பளம் 75 ரூபாய். பட்டதாரி இல்லை என்று அதுவும் கிடைக்கவில்லை. லண்டன் பாரிஸ்டருக்கே இந்தக் கதி! டிகிரி இல்லையா என்று கேட்டே திருப்பி அனுப்பப்பட்ட எங்க ஊர் அண்ணன்மார்களிடம் இதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

ராஜ்கோட் திரும்பி மனு எழுதிக் கொடுத்தார். மாதம் சுமார் 300 ரூபாய் வந்தது. எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் முன்னால் அவர் காசோடு நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மனு எழுதுவது சின்ன வேலை என்று எனக்குத் தோணல.

1893-ல் தென்னாப்பிரிக்கா. தாதா அப்துல்லா கம்பெனியின் 40,000 பவுன் வழக்கில் உதவ, ஒரு வருஷத்துக்கு 105 பவுன் பேச்சு. ரயிலில் தள்ளிவிட்ட கதை உங்களுக்கே தெரியும். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. வழக்கு முழுக்கக் கணக்கு. ப்ராமிசரி நோட் என்றால் என்ன என்றே பாரிஸ்டருக்குத் தெரியாது. வெட்கப்படாமல் கணக்குப் புத்தகம் வாங்கிப் படித்தார். பேரேட்டைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் அந்த வழக்கை அவரைவிட அறிந்தவர் இல்லை என்ற நிலைக்கு வந்தார்.

தன் கட்சிக்காரர் ஜெயிப்பார் என்று தெரிந்தது. ஆனாலும் வக்கீல் ஃபீஸ் ரெண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போனது. எதிராளி தையப் சேட்டோ சொந்தக்காரர். பேசிப் பேசி இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இழுத்துவந்தார். அப்துல்லா ஜெயித்தார். தையப் சேட் 37,000 பவுனும் செலவும் ஒரே தடவையில் கட்டினால் திவால்தான். தவணையில் வாங்கிக்கொள்ளும்படி தன் கட்சிக்காரரையே கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். ஜெயித்தவனிடம் போய் விட்டுக்கொடு என்று கேட்பது கோர்ட்டில் வாதாடுவதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். பிரிந்தவர்களைச் சேர்ப்பதுதான் வக்கீல் வேலை என்று அங்கேதான் அவர் முடிவுக்கு வந்தார்.

1894-ல் நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்யப் போனபோது வெள்ளைக்கார வக்கீல் சங்கம் எதிர்த்தது. சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. சில மாதத்தில், முன்பல் ரெண்டு உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஒருவர் வந்தார். பெயர் பாலசுந்தரம், நம்ம தமிழர், ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்திருக்கிறார். வேலையை விட்டு ஓடினால் அந்தச் சட்டப்படி ஜெயில். காந்தி முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளியைத் தண்டிப்பதில் அவர் மனம் போகவில்லை. ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றி, அந்த மனிதரை மீட்டார். அதன்பின் கூலிகள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள்.

1908-ல், தான் வக்கீலாக நின்ற அதே ஜோகனஸ்பர்க் கோர்ட்டில் கைதியாக நின்று ரெண்டு மாதம் ஜெயிலுக்குப் போனார். 1922 ராஜத்துரோக வழக்கில் தன் தொழிலாகச் சொன்னது விவசாயமும் நெசவும். அந்த வருஷம் நவம்பரில் இன்னர் டெம்பிள் அவர் பெயரை அடித்துவிட்டது. திரும்பச் சேர்த்தது 1988-ல். அவர் சுடப்பட்டு இறந்து அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது.